சோதனையின் கனம்

கேள்வி: இயேசு பாவமே செய்யாதவர். நம் சபலங்களின் வேதனை அவருக்கு எப்படிப் புரியும்?
- வாசகி, வளவனூர்

பதில்: மூட்டையைப் பாதி வழியில் இறக்கியவருக்கா, கடைசிவரை சுமந்தவருக்கா அதன் முழுக் கனம் தெரியும்? நாம் சீக்கிரமே இணங்கிவிடுகிறோம். சோதனையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவரோ வனாந்தரத்தில் 40 நாள் பட்டினி கிடந்தும், கல்லை அப்பமாக்கச் சொன்ன குரலுக்கு மசியவில்லை. பின்னாளில் ஐந்து அப்பத்தைக் கொண்டு ஐயாயிரம் பேரைப் பந்தியில் உட்காரவைத்தவர், தன் பசிக்கு ஒரு கல்லைக்கூட மாற்றவில்லை! அந்தப் பசி நிஜப் பசி. கிறிஸ்தவ இறையியலாளராகவும் சென்னை மேயராகவும் இருந்த சக்கரைச் செட்டியார், 1926இல் வெளியான 'ஜீசஸ் தி அவதார்' நூலில் இயேசுவின் மனிதத்தன்மைக்கு அவ்வளவு அழுத்தம் தந்தார். அவரும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார் எனச் சொல்லும் எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். சபலம் வரும் வேளையில் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். அப்போதே இயேசுவிடம் பேசுங்கள்.