அப்பா எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி நான் படித்திருக்கும் அளவுக்குக் கும்பகோணத்தில் எந்த எலும்பு டாக்டரும் படித்திருக்க மாட்டார். காலையில் சிறுநீரகம், மத்தியானம் கருந்துளை, சாயங்காலம் மக்காச்சோளப் பூச்சி என்று ஓடுகிறது பொழுது. இவ்வளவு படித்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால், எங்கே கமா போடக்கூடாது என்று சொல்வேன்.

நான் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் ஆங்கிலத்தைச் செப்பனிட்டு, ரெஃபரன்ஸ் சரிபார்த்து, ப்ரூஃபுக்கு அனுப்புகிறவள். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெகுகாலமாக நடக்கும் தொழில் இது. கேம்பிரிட்ஜ் பேராசிரியரின் ஆங்கிலத்தைத் திருத்துகிறவர் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பவராக இருக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பியது. வைரஸ் போய்விட்டது, கம்ப்யூட்டர் போகவில்லை.

எதிர்வீட்டு மாமாவிடம் அம்மா, "பத்திரிகையில வேலை பாக்கறா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். "எந்தப் பத்திரிகைம்மா? எங்க வீட்டுக்கு வர்றதில்லையே" என்றார். விவரம் சொன்னேன். அன்றிலிருந்து மூட்டுவலிக்கு மருந்து கேட்கிறார். மூட்டுவலியைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பது மட்டும்தான் மாமா எனக்குத் தெரியும்.

மாதம் ஒருநாள் மின்வாரியம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்தும். இன்வெர்ட்டர் பதினொரு மணிக்கே முனகும். லண்டன் ப்ரொடக்‌ஷன் எடிட்டருக்கு, 'முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் வீட்டில் ஏதோ பெரிய சர்வர் அறை இருப்பதாக எண்ணிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு பதில் போட்டார். நான் அதைக் கலைக்கவில்லை.

இந்த வேலையின் உயிர்நாடி ஏக்யூ. ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி என்று பொருள். அட்டவணையில் சதவீதங்களைக் கூட்டினால் நூற்றுநாலு வருகிறது. "தப்பு சார்" என்று சொல்லிவிட முடியாது. 'அட்டவணை 3-இல் உள்ள எண்கள் தாங்கள் கருதியபடியே உள்ளனவா என்று அன்புகூர்ந்து உறுதிசெய்யவும்' என்று எழுதவேண்டும். சம்பந்தி வீட்டாரிடம்கூட நாம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. இதுவா, அதுவா என்று கேட்டால் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஒரே பதில்தான் எழுதுவார்கள்: "ஆம்."

எக்ஸெல் செய்யும் அட்டகாசம் தனி. செப்ட்1 என்றொரு மனித மரபணு இருந்தது. அட்டவணையில் அடித்தால் எக்ஸெல் அதைச் செப்டம்பர் முதல் தேதி ஆக்கிவிடும். மார்ச்1 மரபணுவுக்கும் இதே கதி. கடைசியில் 2020-இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவினர் செப்ட்1-ஐ செப்டின்1 என்றும், மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டைத் திருத்துவதைவிட மனிதகுலத்தின் மரபணுவைத் திருத்துவது சுலபம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். விவேகிகள்.

ஆனாலும் எங்களை உண்மையில் படுத்துவது அறிவியல் அல்ல, ஆட்களின் பெயர்கள். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளிவந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும். அதைச் சரிபார்த்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

ஆள் போதாமல் பூனையைச் சேர்த்துக்கொண்ட கதையும் உண்டு. 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தனியாளாக ஒரு கட்டுரை எழுதி, முழுக்க 'நாங்கள்' என்றே டைப் செய்துவிட்டார். ஒற்றை ஆள் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்றார் நண்பர். டைப்ரைட்டர் காலம், மறுபடி அடிக்க யாருக்குப் பொறுமை? வளர்ப்புப் பூனை செஸ்டரை எஃப். டி. சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கினார். எஃப்பும் டியும் வீட்டுப்பூனையின் லத்தீன் பெயர். சி என்பது செஸ்டர். வில்லர்ட், செஸ்டரைப் பெற்ற தகப்பன் பூனை. அதாவது சொந்தப் பெயர் இனிஷியலாகச் சுருங்கிப்போய், அப்பா பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது.

தமிழ் விஞ்ஞானிகளின் நிலைமையும் இதேதான். ரா. மீனாட்சி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு ஏது அது? அப்பா பெயரைப் போடுவார். ரெஃபரன்ஸில் 'ராமசாமி, மீ.' என்று வரும். ஐந்தாம் வகுப்போடு வயலில் இறங்கிய ராமசாமி, அணுக்கரு இயற்பியலில் மேற்கோள் ஆகிவிடுவார். 'ராமசாமியின் முடிவுகளோடு எங்களுக்கு உடன்பாடில்லை' என்று ஜப்பானிலிருந்து ஒருவர் எழுதுவார். மீனாட்சி கல்யாணமாகிக் கணவர் பெயரைப் போட்டுக்கொண்டால், ராமசாமி ஓய்வு பெற்று, மாப்பிள்ளை ஆராய்ச்சியைத் தொடர்வார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2012-இல் ஆர்க்கிட் என்று 16 இலக்க எண் கொண்டுவந்தார்கள். ஆதாரே 12 இலக்கத்தில் முடித்துக்கொண்டது.

சமீபத்தில் தென்மாவட்டத்து ஆராய்ச்சியாளர் ஒருவரின் ப்ரூஃபில், 'இயற்பெயரும் குடும்பப் பெயரும் சரியாக அடையாளம் காணப்பட்டுள்ளனவா?' என்று முதல் கேள்வியை வைத்தேன். விதிப்படி 48 மணி நேரத்துக்குள் பதில் வந்தது. பெயர் தலைகீழாகத்தான் இருக்கிறது, ஆனால் மாற்றவேண்டாம் என்று எழுதியிருந்தார். ப்ரூஃபை அப்பா பார்த்துவிட்டாராம். முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தும் விட்டாராம். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஏக்யூ1' என்று நான் போட்டிருந்ததை வெளிநாட்டுக்காரன் கொடுத்த பட்டம் என்று நம்புகிறாராம். அதையும் எடுக்காமல் அச்சிட முடியுமா என்று கேட்டிருந்தார்.