கூடுவிட்டுக் கூடுபாயும் ஹார்ட் டிஸ்க்: அப்டன் பார்க்கில் ஒரு கள ஆய்வு

ஆய்வுக்களம், கிழக்கு லண்டனில் கிரீன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு மாடிவீடு. ஆய்வுப்பொருள், அக்காவின் பழைய லேப்டாப். ஆன் செய்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் அது எழும்பாது. அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்வதே பரிகாரம்.

இக்கலை 1990களில் நியூசிலாந்தில் எழுதப்பட்ட 'கோஸ்ட்' மென்பொருளோடு பரவியது என்பர் கணினியார். மறுக்கிறோம். சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் புகுந்து, அழுத பசுக்களைத் தேற்றி வீட்டுக்கு ஓட்டிவந்தவர் திருமூலர். திரும்பிப் போனால் ஒளித்துவைத்த சொந்த உடலைக் காணோம். சிவனே மறைத்துவிட்டார் என்கிறது புராணம். அருணகிரியாரோ கிளியுடலில் பாரிசாதம் பறிக்கப் போனார்; வருவதற்குள் இங்கே உடலை எரித்துவிட்டார்கள் என்பது கதை. இரு நேர்விலும் குறை ஒன்றே: பழைய கூட்டுக்குக் காவல் போடவில்லை. உள்ளூர்ச் சான்றும் உண்டு. 1904 முதல் இங்கே போலின் மைதானத்தில் ஆடிய வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பாய்ந்தது. பழைய கூடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி.

செய்முறைக்கு வருவோம். லினக்ஸின் 'டிடி' கட்டளை எதிர்க்கேள்வி கேட்காது. மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுத்தால், வெற்று டிஸ்க்கின் வெறுமையைப் பிசகாமல் கலியாணப் படங்களின் மேல் பிரதியெடுத்துத் தரும்.

"தம்பி, படம் ஒண்டும் அழியாது தானே?"

"இல்லையக்கா." சொல்லிவிட்டு டிஸ்க்கின் பெயரை மறுபடி சரிபார்த்தோம்.

செக்கனுக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட் நகர ஏறத்தாழ மூன்று மணி நேரம். செக்டர் செக்டராக எடுப்பதால், என்றோ அழித்த கோப்புகளின் எச்சமும் கூடவே போகும். கன்மம் ஆன்மாவை விடாது என்ற சைவ சித்தாந்தத்துக்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைத்திருப்பது இதுவே முதன்முறை என நம்புகிறோம்.

முடிந்த பின் இரண்டையும் ஒருசேரச் செருகிவைக்கக்கூடாது. இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும். ஈருடல் ஓருயிர் எல்லாம் கலியாண வாழ்த்து மடலோடு சரி. எனவே பழையதைக் கழற்றினோம். அக்கா அதைப் பழைய துணியில் சுற்றி, தாலிக்கொடி வைக்கும் லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். திருமூலருக்கு இப்படியோர் அக்கா வாய்க்கவில்லை.