இலங்கைப் பக்கம் திருப்பு!

1942 பிப்ரவரியில் ஜப்பான் ராணுவம் சிங்கப்பூரைப் பிடித்தது. பிடித்த கையோடு, பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ரேடார் சாமான்களையும் காகிதங்களையும் குடைய ஆரம்பித்தது. ரேடார் சிப்பாய் ஒருவனின் நோட்டுப் புத்தகத்தில் 'யாகி', 'யாகி' என்று ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. ரகசியக் குறியீடா, புதுவகை ஆயுதமா, இல்லை ஆங்கில வசவா என்று அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அந்தச் சிப்பாயையே கைதிகளிடமிருந்து பிரித்துக் கூட்டிவந்து விசாரித்தார்கள். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர், இந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றான் அவன். கேட்டவர்கள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சரித்திரத்தில் குறிப்பில்லை. சரித்திரத்துக்கும் சில நேரம் இங்கிதம் உண்டு.

பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி, செண்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகத்துக்காரர். கம்பியை வெட்டி, நட்டு, அளந்து, முன்னே பின்னே நகர்த்தி ராப்பகலாகப் பாடுபட்டவர் அவரிடம் வேலை பார்த்த ஷின்டாரோ உடா. உடா 1926 முதல் ஜப்பானிய மொழியில் கட்டுரை கட்டுரையாக எழுதினார், உலகம் அசையவில்லை. 1928இல் யாகி ஆங்கிலத்தில் ஒரே கட்டுரை எழுதினார். உலகம் எழுந்து உட்கார்ந்தது. அதில் உடாவை அவர் மனசாரப் பாராட்டியும் இருந்தார். பாவம், நன்றியுரை ஆரம்பித்தால் எழுந்து போகிறவர்கள்தானே நாம் எல்லோரும்? காப்புரிமையும் யாகி பேருக்கே போயிற்று. 1995இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை கொடுத்தது. அதிலும் 'பேராசிரியர் யாகியும் அவருடைய உதவியாளர் உடாவும்' என்றுதான் இருக்கிறது. எழுபது வருஷமாகியும் மனிதருக்குப் பிரமோஷன் வரவில்லை.

சொந்த நாடு சீந்தாத அந்தக் கம்பியை மேல்நாட்டுக்காரர்கள் எடுத்துக் கப்பலிலும் விமானத்திலும் கட்டினார்கள். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி மேல் விழுந்த குண்டுகள் எந்த உயரத்தில் வெடிக்க வேண்டும் என்று அளந்த ரேடாரிலும் யாகி ஆன்டெனாதான் இருந்தது. கேலி பேசும் கட்டுரையிலும் இந்த ஒரு வரியைச் சிரிக்காமல்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பியில் அப்படி என்னதான் இருக்கிறது? நம் மொட்டைமாடிகளில் காக்கா உட்கார்ந்திருந்த அதே அலுமினியக் குழாய்கள்தான். நடுவில் ஊக்கு மாதிரி வளைந்த ஒரு குழாய், அதற்குப் பின்னால் சற்றே நீளமாக ஒன்று, முன்னால் சற்றே குட்டையாகச் சில. ஒயர் இணைப்பு அந்த வளைந்த குழாய்க்கு மட்டும்தான். மற்றவை எதோடும் சேராமல் சும்மா நிற்கின்றன. அரசு அலுவலகத்தில் ஒருவர் ஃபைல் பார்க்க, நாலு பேர் சுற்றி நிற்பது போல. ஒரு வித்தியாசம், இங்கே சுற்றி நிற்பவர்களும் வேலை பார்க்கிறார்கள். பின்னால் இருப்பது சிக்னலை முன்பக்கம் தள்ளும், முன்னால் இருப்பவை அதை உள்ளே இழுக்கும். அதனால் ஆன்டெனா ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும், முதுகுப் பக்கம் யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாது.

இந்த உடா 1955இல் இந்தியாவுக்கே வந்தார். யுனெஸ்கோ அனுப்பிய நிபுணராக, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு 1958இல் ஊர் திரும்பினார். அதற்கு மறு வருஷம், செப்டம்பர் 15 அன்று, தில்லியில் டிவி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆன்டெனாவைக் கண்டுபிடித்தவர் கிளம்பட்டும் என்று காத்திருந்தது போல.

சென்னைக்கு டிவி வந்தது 1975 சுதந்திர தினத்தன்று. சென்னைக்கு என்றால் சென்னைக்கு மட்டும். எங்கள் தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் அந்த ஒளிபரப்புக் கோபுரம் நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டருக்கு அப்பால். 'வயலும் வாழ்வும்' பார்த்து விவசாயம் கற்கும் பாக்கியம் கோடம்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் கிடைத்தது. உண்மையிலேயே வயல் வைத்திருந்த ஜில்லாக்களுக்குக் கிடைக்கவில்லை.

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி டிவி தொடங்கியது. அதன் கோபுரத்தைக் கொண்டுபோய் நுவரெலியா பக்கத்துப் பிதுருதாலகால மலையில் நட்டார்கள். 2,524 மீட்டர், அந்தத் தீவிலேயே உயரமான இடம். தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதாவது எங்களுக்குச் சென்னையைவிடக் கண்டி சீமை பக்கம். கணக்குப்படி பார்த்தால் அந்த உயரத்துக்குக்கூட சிக்னல் 200 கிலோமீட்டர் சுமாரில் பூமியின் வளைவுக்குக் கீழே போய்விட வேண்டும். ஆனால் நடுவில் கடல் கிடக்கிறது. தண்ணீரை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று, அதன் தலைமேல் காய்ந்த சூடான காற்று என்று அடுக்கு விழுகிற நாளில், அலை மேலே தப்பவும் முடியாமல் கடலோடு கடலாக வளைந்து இக்கரை வந்து சேரும். அன்றைக்குப் படம் பளிச்சென்று இருக்கும். மறுநாள் காற்று மாறினால் திரை முழுக்கப் புள்ளி. எங்கள் ஊரில் வானிலை பற்றி மீனவருக்கு அடுத்தபடி கவலைப்பட்டது டிவி வாங்கினவன்தான்.

தெருத்தெருவாக ஆன்டெனாக்கள் தென்கிழக்கே திரும்பின. ராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை மொட்டைமாடிகள் மொத்தமும் தில்லிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. சிங்களச் செய்தி, ஆங்கிலத் தொடர், கிரிக்கெட், அவ்வப்போது கொஞ்சம் தமிழ். 1983 ஜூலையில் அங்கே தமிழர்கள் மேல் நடந்த வன்முறைக்குப் பிறகு இலங்கை அரசின் மேல் இங்கே எல்லோருக்கும் கோபம் கொதித்தது. கடையடைப்பு நடந்தது, ஊர்வலம் போயிற்று. சாயங்காலம் ஆன்டெனாவை மட்டும் திருப்ப யாருக்கும் கை வரவில்லை.

திருப்புவது சாமானிய காரியமும் இல்லை. மாடியில் அப்பா இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பார். படிக்கட்டு நடுவில் அம்மா. டிவி முன்னால் பையன்.

"ஏலே, வந்துட்டா?"

"அப்பா கேக்காவ, வந்துட்டாலே?"

"இல்லம்மா... இரு இரு... வந்துட்டு, வந்துட்டு!"

"ஏங்க, வந்துட்டாம், நிறுத்துங்க!"

இந்தச் செய்தி இரண்டு மாடி ஏறிப் போய்ச் சேருவதற்குள் கம்பம் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். "போச்சும்மா" என்ற தகவல் மறுபடி மேலே புறப்படும். அதைவிடக் கொடுமை, சரியான இடத்தில் நிறுத்திவிட்டு அப்பா கையை எடுத்ததும் படம் போவது. மனித உடம்பும் மின்சாரம் கடத்தும் வஸ்துதான். ஆன்டெனா பக்கத்தில் நிற்கும் ஆளும் அதில் ஒரு குழாயாகச் சேர்ந்துவிடுவார். "அப்படியே நில்லுங்கப்பா" என்று கீழேயிருந்து கெஞ்சல் வரும். குடும்பமே கிரிக்கெட் பார்க்க, டிவி வாங்கிக் கொடுத்தவர் மட்டும் மாடியில் கம்பத்தோடு கம்பமாக நிற்பார்.

வைத்தியங்களுக்கும் பஞ்சமில்லை. கம்பத்தில் இட்லித்தட்டைக் கட்டினார்கள், சைக்கிள் ரிம்மைக் கட்டினார்கள். பூஸ்டர் வந்தது. அதை வசதியாக டிவி பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்து, மேலே பூத்துணி போட்டார்கள். பலவீனமான சிக்னல் நீள ஒயரில் இறங்கி வருவதற்குள் மேலும் தேய்ந்துவிடும். அதைக் கீழே வைத்துப் பெருக்கினால் புள்ளிகளும் சேர்ந்து பெருகும். பூஸ்டர் கம்பத்து உச்சியில், ஆன்டெனா ஓரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொன்னாலும் யார் ஏறுவது? அப்பா ஏற்கெனவே ஒரு தடவை இறங்கியிருக்கிறார்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எங்கள் உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். அதனால் ஆன்டெனாவைக் கூரைக்கு அடியில் மச்சுக்குள்ளேயே கட்டிவிடுவார்கள். ஓடு சிக்னலைக் கொஞ்சம்தான் குடிக்கும், மழையில் நனைந்தால் கூடுதலாகக் குடிக்கும். காக்கா இல்லை, காற்று திருப்பாது, சாய்ந்து விழுமோ என்ற பயமும் இல்லை. அமெரிக்காவிலும் மச்சுக்குள் ஆன்டெனா கட்டும் வழக்கம் உண்டு. அங்கே காரணம் உப்புக்காற்று இல்லை, தெருவின் அழகு கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கங்கள் போட்ட தடை. அந்தத் தடைகளில் பெரும்பாலானவை செல்லாது என்று அரசாங்கமே 1996இல் விதி போட வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் கான்கிரீட் வீட்டுக்காரர்கள் ஓட்டு வீட்டைப் பார்த்துப் பரணில் கட்டிப் பார்த்தார்கள். தளத்துக்குள் பின்னிக் கிடக்கும் இரும்புக் கம்பி அலையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பணம் அதிகம் போட்டுக் கட்டிய வீட்டில் படம் வராமல், பக்கத்து ஓட்டு வீட்டில் வருவதைச் சகித்துக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் பெரிய கோபுரம் போட்டது. இனி ஆன்டெனாவை வடமேற்கே திருப்ப வேண்டும். ஞாயிறு காலை ராமாயணம் வேண்டும் என்று ஆச்சி ஒரு பக்கம், கிரிக்கெட் வேண்டும் என்று பேரன் ஒரு பக்கம். ராமனைப் பார்க்க வேண்டுமானால் இலங்கையை விட்டுத் திரும்ப வேண்டும் என்பது வால்மீகிக்குத் தோன்றாத சிக்கல். வசதியான வீடுகளில் ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா ஏறியது.

தொண்ணூறுகளில் கேபிள்காரர் வந்தார். மாடி மாடியாகத் தாவி ஒயர் இழுத்துக்கொண்டு போனவர் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இனி இது உங்களுக்குச் சும்மாதான. நான் கேபிள இதுல கட்டிக்கிடட்டா?"

அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கட்டிக்கிடும். ஆனா திருப்பிராதயும்."