உச்சி வரை ஏறிய வாடகை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு தேடினால், தரகர் முதலில் காட்டுவது தண்ணீர்க் குழாயை அல்ல. மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலையை. மலை தெரிந்தால் வாடகை ஏறும். 2,668 அடி அண்ணாமலையோடு போட்டி போட்டுக்கொண்டு, யார் அனுமதியும் கேட்காமல் ஏறுவது இன்று அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் மலைச்சரிவு இடிந்து அடிவாரத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறவும் தடை. ஆனாலும் 'ரகசிய வழி' தெரிந்தவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. யூடியூபில் எல்லோருக்கும் காட்டப்படும் ரகசியம் அது.

உச்சியின் அமைதியைத் தேடி வருகிறவர் கையோடு புளூடூத் ஸ்பீக்கரும் கொண்டு வருகிறார். ரமணர் 1899 முதல் 1922 வரை இதே மலையில் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் இருந்தார். 'நான் யார்?' என்று கேட்டவர் அவர். நாம் கேட்பது, 'எத்தனை பேர் பார்த்தார்கள்?'

மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் கன்று நட்டு, கோடைத் தீயை அணைத்துக் காடு வளர்த்தார்கள். அந்த நிழலில் சிப்ஸ் தின்றுவிட்டு 'இயற்கையோடு ஒன்றினேன்' என்கிறோம். ஒன்றாமல் கிடக்கிறது பாக்கெட்.

மலையை ஏறச் சொல்லாமல் சுற்றச் சொன்ன முன்னோர் நம்மை நன்றாக அறிந்தவர்கள். அமைதிதான் வேண்டுமென்றால், பௌர்ணமி இல்லாத ஒரு நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போங்கள். ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள்.