மணக்க மணக்கக் கேளுங்கள்

கே: கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் அடித்த சென்ட் வாழைச்சேனைச் சந்திக்குப் போவதற்குள் காணாமல் போகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பேத்தாழை வாசகர்)

ப: கடைக்காரரை விடுங்கள், குற்றவாளி வெயில். தேசிக்காய், தோடம்பழம் மாதிரி மணக்கும் சென்ட்தானே வாங்கினீர்கள்? அந்த மணத்தைத் தருகிற லிமோனீன் போன்றவை இலேசான பொருட்கள். குளிர்நாட்டிலேயே அரை மணித்தியாலம் நின்றால் பெரிய காரியம். கல்குடா வெக்கையில் தோலைத் தொட்டதும் கிளம்பிவிடும். வெட்டிவேர், சந்தனம் எல்லாம் பாரமானவை. குந்திவிட்டால் இலேசில் எழும்பாது. மேலே தேசிக்காய், அடியில் வெட்டிவேர் என்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முதலாவது போனாலும் இரண்டாவது பின்னேரம் வரை துணைக்கு நிற்கும்.

கே: அதைவிட, நல்ல ஸ்ட்ரோங்கான சென்டாக வாங்கினால் வேலை முடிந்ததே?

ப: உங்கள் வேலை முடிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருடைய கதையும் முடிந்துவிடும். போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ‘ஓ டி கொலோன்’ என்றால் மணத்தைலம் நூற்றுக்கு 2 முதல் 5 வரை, ‘ஓ டி டொய்லெட்’ என்றால் 5 முதல் 15 வரை, ‘ஓ டி பர்ஃபம்’ என்றால் 15 முதல் 20 வரை. இது பொதுக் கணக்கு. மிச்சம் பெரும்பாலும் அல்கஹோல். கச்சானுக்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவதை மார்கழி மழைக்கு எடுத்துவையுங்கள்.

கே: ‘கடல் வாசனை’ என்று கொழும்பில் ஒரு சென்ட் வாங்கி வந்தேன். மணந்து பார்த்த அம்மா, “இது எந்தக் கடல் மனே?” என்று கேட்கிறார். (கல்குடா வாசகர்)

ப: அம்மாவின் மூக்குக்கு ஒரு கும்பிடு. அது ஆய்வுகூடத்துக் கடல். 1966இல் ஃபைசர் மருந்துக் கம்பனியின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த ‘கலோன்’ என்ற பொருள் வத்தகப்பழமும் உப்புக்காற்றும் சேர்ந்தாற்போல மணக்கும். 1990களில் அது சென்ட் உலகத்தையே பிடித்து ஆட்டியது. அந்த அலையில் வந்து நிலைத்தது, 1996இல் அர்மானி வெளியிட்ட ‘அக்வா டி ஜியோ’.

உண்மையான கடல் மணத்தில் பெரும் பங்கு டைமெதில் சல்பைட்டுக்கு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உபயம் அது. கொஞ்சம் கூடினால் அவித்த கோவா மணம் வரும். அதைப் போத்தலில் அடைத்து விற்றால் யார் வாங்குவார்? வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் இதைவிடப் பலமான மணம் காசில்லாமலே கிடைக்கும்.

கே: என் சென்டில் மல்லிகை கலந்திருக்கிறதாம். ஆம்பிளை மல்லிகை பூசலாமா?

ப: அதே 1966இல் டியோர் நிறுவனம் ஆண்களுக்கென்று ‘ஓ சவாஜ்’ என்ற சென்டை வெளியிட்டது. செய்தவர் எட்மோண்ட் ருட்னிட்ஸ்கா. அவர் அதில் சேர்த்த ‘ஹெடியோன்’, மல்லிகையின் மணத்தை ஆராயப்போய்க் கிடைத்த பொருள். அந்தச் சென்ட் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. பூசியவர்களின் மீசை எதுவும் உதிர்ந்ததாகத் தகவல் இல்லை.

கே: சென்டுக்கு ஏன் காசு? தேசிக்காயை வெட்டிக் கழுத்தில் தேய்த்தால் போதாதா?

ப: தேய்த்துவிட்டுப் பாசிக்குடா வெயிலில் நின்று பாருங்கள். அடுத்த நாளோ மறுநாளோ தோல் சிவக்கும், கொப்புளிக்கும். ஆறிய பிறகும் கறுப்பு அடையாளம் வாரக்கணக்கில் நிற்கும். தேசிக்காயில் உள்ள ஒரு வகைப் பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். பெர்கமொட் என்ற எலுமிச்சை இனத்து எண்ணெயிலும் அவை உண்டு. முந்திய காலத்தில் அந்த எண்ணெய் கலந்த கொலோனை அடித்துக்கொண்டு வெயிலில் போனவர்களின் கழுத்தில், அது வழிந்த வழியெல்லாம் கருமை படிந்தது. இப்போது நல்ல கம்பனிகள் அந்தப் பொருட்களை நீக்கிய எண்ணெயையே சேர்க்கின்றன. தேசிக்காயைப் பிழிந்து குடியுங்கள். வெக்கைக்கு அதுதான் மருந்து.

கே: அவசரத்துக்குக் குளிக்காமல் சென்ட் அடித்துச் சமாளிக்கலாமா?

ப: சமாளிக்கலாம், யாரும் கிட்ட வராவிட்டால். புதிதாக வடிகிற வியர்வைக்குப் பெரிதாக நாற்றம் கிடையாது. கமக்கட்டில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதைத் தின்று செரிப்பதால் வருவதுதான் நாற்றம். அதன்மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அதற்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. முதலில் சவர்க்காரம், மறுகா துவாய், கடைசியாகச் சென்ட்.

கே: நான் அத்தர் பூசுகிறவன். வெக்கைக்கு எது நல்லது? (ஓட்டமாவடி வாசகர்)

ப: ஊத், கஸ்தூரி இரண்டையும் இரவுக்கு விடுங்கள். பகலுக்கு வெட்டிவேர் அத்தர். போத்தலில் ‘கஸ்’ என்று போட்டிருக்கும். எண்ணெயில் இறக்கியது, அல்கஹோல் இல்லாதது, ஆகவே மெதுவாகத்தான் எழும்பும். மூடியோடு வருகிற கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு தொடுகை, காதுக்குப் பின்னால் ஒரு தொடுகை. ஒள்ளுப்பம் போதும்.

இந்தியாவின் கன்னோஜில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, மண் அத்தர் செய்கிறார்கள். முதல் மழை விழுந்த நிலத்தின் மணம் அப்படியே வரும். ஐப்பசி வரை பொறுக்க முடியாதவர்கள் வாங்கலாம்.

கே: நாற்பது வயதில் பேபி கொலோன் பூசுகிறேன். கூட்டாளிகள் சிரிக்கிறார்கள்.

ப: பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கொலோன் செய்து விற்றவர் ஃபரினா என்ற இத்தாலியர். தன் சரக்கு இத்தாலியின் வசந்தகாலக் காலைப்பொழுது போல மணக்கிறது என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதியவர். நெப்போலியன் கொலோனைப் போத்தல் போத்தலாகத் தீர்த்தவன். உங்கள் பேபி போத்தல் அந்தப் பரம்பரை. சிரிக்கிறவர்களின் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள், பிள்ளை இல்லாத வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும்.

கே: ஆனி மாதம் கல்யாணம். மண்டபத்தில் ஏசி இல்லை. எவ்வளவு சென்ட் அடிக்கலாம்? (கிரான் மாப்பிள்ளை)

ப: பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் பூசுவார்கள், கழுத்தில் மாலை, பக்கத்தில் மல்லிகை. நீங்கள் வேறு மணந்தால் ஐயருக்குத் தும்மல் வரும். குளித்து ஈரம் காய்ந்ததும் நெஞ்சில் இரண்டு தரம் கொலோன். பட்டு வேட்டியில் அடிக்கவேண்டாம், கறை விழும்.

கே: பத்துத் தரம் அடித்தும் எனக்கு மணக்கவில்லையே?

ப: கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், சொந்தச் சென்டை முதலில் மறப்பது சொந்த மூக்குத்தான். உதயதேவி ரயிலில் உங்கள் பக்கத்துச் சீட்டுக்காரர் வெலிக்கந்தை தாண்டியும் மறக்கமாட்டார். மூன்றாவது தரத்தோடு நிறுத்துங்கள்.

கே: போத்தலை ஓட்டோவிலேயே வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

ப: சூடும் வெளிச்சமும் சென்டைக் கெடுக்கும், அல்கஹோல் தீப்பிடிக்கும். அலுமாரிக்குள் வையுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் திடீரென்று சென்ட் அடிக்கத் தொடங்கியிருக்கிறார். என்ன செய்ய? (செங்கலடி வாசகி)

ப: நல்ல மணமென்றால் நீங்களும் எடுத்து அடியுங்கள். போத்தலில் ‘ஆண்களுக்கு’ என்று எழுதியிருப்பது மூக்குக்குத் தெரியாது. அதை யார் வாங்கிக் கொடுத்தது என்பதை மட்டும் விசாரித்துவிடுங்கள்.