சம்பந்தியின் சிருஷ்டி

திரிசங்குவின் பொருட்டு விசுவாமித்திர முனிவர் தனியாக ஒரு சுவர்க்கத்தையே சிருஷ்டித்தார் என்று புராணம் சொல்லுகிறது. அந்தச் சக்தியைப் பெற அவர் நெடுங்காலம் கடுந்தவம் புரிய வேண்டியிருந்தது. எங்கள் சம்பந்திக்கு அந்தச் சிரமம் ஏதும் இல்லை. ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளும், ஒரு மௌஸும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் காப்பியும் இருந்துவிட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் இடையில் ஓர் ஏரியையும், அதன்மேல் ஒரு வானத்தையும், வானம் நிறையப் பறவைகளையும் உண்டாக்கிவிடுவார்.

இத்தனைக்கும் அவர் தணிக்கை இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் கணக்கில் பத்துப் பைசா கூடியிருந்தாலும் சிவப்பு மையால் சுழித்து விளக்கம் கேட்டவர், இன்று வேடந்தாங்கலில் தாம் எடுத்த ஒரே ஒரு கூழைக்கடாவை எவ்வித ரசீதும் இன்றிப் பதினொன்றாகப் பெருக்கிக் காட்டுகிறார் என்றால், ஓய்வூதியம் மனிதனுக்கு அளிக்கும் சுதந்திரத்தை என்னவென்று சொல்வது!

அந்தப் படத்தைச் சற்று உன்னிப்பாகவே பார்த்தேன். பறவைகளுக்கெல்லாம் வலச் சிறகின் ஓரத்தில் அதே ஓர் இறகு முறிந்திருந்தது. யாருக்கும் சந்தேகம் வரலாகாதென்று சிலவற்றை இடவலமாகத் திருப்பிவிட்டிருந்தபடியால், அவற்றுக்கு மட்டும் இடச் சிறகில் முறிந்திருந்தது. வானத்தில் பதினொன்று பறக்க, கீழே அலையற்ற நீரில் பிரதிபிம்பம் ஒன்றுதான் தெரிந்தது. கரையிலே சித்திரை மாதத்துக் கொன்றை சரஞ்சரமாகத் தொங்க, மேற்கே சூரியன் அஸ்தமிக்க, அதற்கு ஒரு சாண் தள்ளிப் பூரண சந்திரன் உதயமாகிக்கொண்டிருந்தான். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே மறையும் வேளையில் சந்திரன் நேர் எதிரே கிழக்கில் எழுவது என்ற அநாதி காலத்து ஏற்பாட்டைச் சம்பந்தி ரத்து செய்திருந்தார்.

"நிலா எப்படி, சம்பந்தி? நம் வீட்டு மொட்டைமாடியில் எடுத்தது" என்றார்.

பெண்ணைக் கொடுத்த இடம். "பிரமாதம்" என்றேன்.

சான்றில்லாமல் எதையும் செய்கிறவரா அவர்? 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலை ஒரு கண்ணாடித் தகட்டிலும் வானத்தை மற்றொன்றிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டாராம். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை, அட்டையின் அகலம் போதவில்லை என்று, எகிப்தின் பிரமிடுகளையே கணினியால் நெருக்கி வைத்ததாம். "அவர்கள் பிரமிடையே நகர்த்தினார்கள், நான் நகர்த்தியது கூழைக்கடாதானே!" என்கிறார்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. லெ கிரே காலத்துத் தகடு நீல நிறத்துக்கு அளவு மீறி மசிந்துவிடும். கடல் தெளிவாக விழும்வரை காத்திருந்தால், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். கண் கண்ட மேகத்தைத் தகடு காட்ட மறுத்ததால் அவர் ஒட்டுவேலைக்குப் போனார். இருண்ட மூலையைத் துலக்குவதையும், கோணிய அடிவானத்தை நிமிர்த்துவதையும் நானும் ஆட்சேபிப்பவன் அல்லேன். அவையெல்லாம் கண்ணுக்குச் செய்யும் நியாயம். சம்பந்தியின் காமிராவோ எதையும் மறைக்கவில்லை. இருந்த ஒரு பறவையை யோக்கியமாக ஒன்று என்றே காட்டிற்று. தணிக்கை செய்யப்பட வேண்டியவர் காமிராவுக்குப் பின்னால் நின்றவர்தாம். இதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை.

படம் இப்பொழுது கண்ணாடிச் சட்டத்துடன் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் வாய் பிளந்து, "எந்த ஊர்?" என்று கேட்க, அவரும் கூசாமல் "வேடந்தாங்கல்" என்கிறார். ஆகவே அந்தக் கூடத்துக்கு வந்துபோகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கொன்றையை நம்பிக் கோடையில் குழந்தை குட்டிகளுடன் வண்டி ஏறிவிடாதீர்கள். பறவைகள் அங்கே திரளுவது ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரையில்தான்.