எடை போட்டு விக்கிற பாட்டு

ஏங் கண்ணு, பழைய பாட்டுத் தட்ட மறுபடியும் அச்சடிச்சு விக்கறாங்களாம், நீயும் ஓடி ஓடி வாங்கறியாமே? வாங்கு ராசா. காசும் உன்னுது, காதும் உன்னுது. ஆனா காதக் கேட்டு வாங்கறியா, அட்டையில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரப் படிச்சு வாங்கறியா? அதத்தான் இந்த ஏற்காட்டு மலை நாகலூர்க் கெழவன் கேக்கறேன்.

ஸ்டிக்கர்ல ‘180 கிராம்’னு போட்டிருக்கு. நம்ம மலையில மொளக எடை போட்டு விக்கறோம், காப்பிக்கொட்டைய எடை போட்டு விக்கறோம். பாட்டையுமா எடை போடுவாங்க? தட்டு கனமா இருந்தா லேசுல வளையாது, சரி. அதுக்காக டி.எம்.எஸ். தொண்டையில அம்பது கிராம் கூடிருமா?

நாங்க பாத்த தட்டு அரக்குல செஞ்சது. நிமிசத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கம் சுத்தி முடிய மூணு நிமிசத்துக்குச் சொச்சம். கை நழுவுச்சுன்னா சில்லு சில்லாப் போயிரும். கல்கத்தா தம்தம்ல அடிச்ச நாய் படத் தட்டு, ரேடியோ செட்டுக்காரன் பெட்டியில ஊரூராச் சுத்தும். கொழாய மரத்துல கட்டிப் போட்டான்னா பாதி கரகரப்பு, பாதி பாட்டு. எவனாச்சும் எந்திரிச்சுப் போனானா? ‘திருவிளையாடல்’ வசனத்தத் தட்டுல போட்டாங்களே, நாகேசும் சிவாஜியும் பேசறத ஊரே மனப்பாடமா ஒப்பிச்சுச்சு. அதென்ன மோனோவா, ஸ்டீரியோவான்னு எவன் கேட்டான்?

இப்பப் பாரு கூத்த. அமெரிக்காவுல மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு கம்பெனி. பழைய ஆல்பத்த மூல டேப்புல இருந்து நேரா வெட்டறாங்க, நடுவுல டிஜிட்டல் வாடையே கெடையாதுன்னு சேகரிக்கறவங்க சத்தியம் பண்ணாத கொறை. 2022ல மைக்கேல் ஜாக்சனோட ‘த்ரில்லர்’ தட்ட 40,000 அடிக்கப் போறோம்னாங்க. வெவரமானவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. அத்தன தட்டுக்கு அந்த டேப்ப எத்தன வாட்டி ஓட்டோணும்? ஓட்ட உடுவாங்களா? அரிசோனாவுல தட்டுக்கடை வெச்சிருக்கற ஒருத்தர் வெவரத்த வெளிய போட்டார். தோண்டிப் பாத்தா, 2011ல இருந்தே பல தட்டு டிஜிட்டல்ல ஒரு படி எடுத்துட்டு வெட்டுனதுதான். கேசு போட்டாங்க. கம்பெனி 2.5 கோடி டாலருக்குச் சமாதானம் பேசுச்சு.

மறைச்சது தப்பு, காசத் திருப்பிக் கேட்டதும் நாயந்தான். ஆனா ஒண்ணு சொல்லு பாப்போம். பத்து வருசமாக் கண்ண மூடிக்கிட்டு, ‘ஆஹா, அசல் அனலாக்’னு தலையாட்டுனவங்கள்ல எவன் காதாச்சும் கண்டுபுடிச்சுச்சா? சேதி வந்த மக்யா நாளு கசந்து போச்சு. கசந்தது காதா, கௌரவமா?

இன்னொரு வகை ஆளு இருக்கான். மொத அச்சுத் தட்டு வெச்சிருப்பான். மறுபதிப்பு வருதுன்னா மூஞ்சி சுண்டிப் போவும். ஏன்? அவன் தட்டு வெலை எறங்கிருமாம். ‘இந்தப் பாட்டுன்னா எனக்கு உசுரு’ம்பான். அந்த உசுரு இன்னும் நாலு பேருக்குக் கெடைச்சா வயிறு எரியும். சீலக்கூட ஒடைச்சிருக்க மாட்டான். ஒடைக்காமயே வெச்சிருந்தா அந்தப் பிளாஸ்டிக் தாளே இறுகித் தட்ட வளைச்சுருமே, அது தெரியுமா அவனுக்கு? ஐப்பசி மழைக்கு நம்ம மலையில அட்டையெல்லாம் பூசணம் பூத்துரும். பூசணத்துக்கு மொத அச்சு, ரெண்டாம் அச்சுன்னு பேதம் உண்டா?

சேலத்துல இருந்து ஏற்காட்டு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குது பாத்திருப்ப. 1956ல ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்தாங்களே, அந்தக் கம்பெனிதான். ஸ்டுடியோ போயிருச்சு, வளைவுதான் மிச்சம். தட்சிணாமூர்த்தி போட்ட பாட்டு மட்டும் எப்படி இன்னும் ஓடுது? அரக்குத் தட்டுல இருந்து எல்.பி., அதுல இருந்து கேசட்டு, அப்பறம் சி.டி.ன்னு எவனோ ஒருத்தன் மறுபடி மறுபடி பதிஞ்சுக்கிட்டே இருந்தான். 2017ல சரிகம கம்பெனி கார்வான்னு ஒரு பொட்டி போட்டுச்சு. 5,000 பாட்டு. அதப் பாத்து நீ சிரிக்கற. உங்க பாட்டி அதுல பி.சுசீலாவக் கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிக்குது. பாட்டு யாருகிட்ட பொழைச்சுக் கெடக்குது, சொல்லு?

மறுபதிப்பு வேண்டாம்னா சொல்றேன்? ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாங்கு. எதுல இருந்து வெட்டுனாங்க, மூல டேப்பா, சி.டி.யா? சி.டி.ய அப்படியே தட்டுல ஏத்தியிருந்தா, அந்த சி.டி.யே மலிவு. அப்பறம், மோனோ பாட்டப் பிச்சு, பாடறவர ஒரு காதுலயும் தபலாவ இன்னொரு காதுலயும் உட்டிருக்கானா? அப்படின்னா கும்புடு போட்டுட்டு நகந்துக்க. ஊசிக்கும் ஒயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கொட்டற காசையும் கூட்டிப் பாத்துக்க. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?

வாங்கியாச்சா? சீல ஒடை. நாலு பேரக் கூப்புட்டுப் போட்டு உடு. அதுல ஒருத்தன் தன்னாலத் தொடையில தாளம் போட்டான்னா அது நல்ல தட்டு. நாலு பேரும் அட்டையையே திருப்பித் திருப்பிப் பாத்தாங்கன்னா, நீ வாங்கிட்டு வந்தது அட்டைதான் ராசா.